பூட்டிய வீடும் பொறுப்பேற்கும் நிறுவனமும்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இரண்டும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்கள். 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் அதிலிருந்து 2001-இல் பிரிந்தது. 2002-இல் மீண்டும் அதனோடு சேர்ந்தது. 2007-இல் இரண்டாம் முறையாகப் பிரிந்தது. வரைபடத்தில் இவ்வாறு சேர்ந்தும் பிரிந்தும் நின்ற இவ்விரு ஊர்களும், பிழைப்பு வகையில் என்றுமே வெவ்வேறானவை. பெரம்பலூர், சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஊர். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வட்டாரத்தின் நடுவே, அண்மைக் காலத்தில் கல்லூரிகள் பெருகிய ஊர். அரியலூரோ இருப்புப்பாதையின் ஊர், சுண்ணாம்புக்கல்லின் ஊர். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கடல் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் இன்றும் கல்லாகிக் கிடைக்கின்றன. அந்தக் கல்தான் சிமெண்டு ஆலைகளை அங்கே வரவழைத்தது. அரசின் சிமெண்டு ஆலை 1979-இல் தொடங்கிற்று. தனியார் ஆலைகள் பல அதைச் சூழ்ந்து எழுந்தன.

கல்லூரி வந்தால் மாணவர் வருவர். ஆலை வந்தால் தொழிலாளர் வருவர். மாவட்டத் தலைநகரானால் அலுவலர் வருவர். அரியலூரில் 2022-ஆம் ஆண்டு சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின்னர் மருத்துவரும் செவிலியரும் வந்தனர். இவர்கள் அனைவருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். சொந்த வீடு கட்டிக் குடியேறும் எண்ணம் இவர்களுள் பெரும்பாலோர்க்கு இல்லை. மூன்று ஆண்டோ, நான்கு ஆண்டோ, ஆலையில் ஒப்பந்தம் முடியும் வரையோ தங்கிச் செல்வோரே மிகுதி. ஆகவே இவ்வூர்களில் வாடகை வீட்டுக்குத் தேவை உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் வேறொரு காட்சியும் உண்டு. மகன் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உழைத்து அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி வீடு. கீழே பெற்றோர் இருப்பர்; மாடி பூட்டிக் கிடக்கும். சில இடங்களில் பெற்றோரும் காலமாகிவிட, முழு வீடுமே பூட்டிக் கிடக்கும். இது இவ்விரு ஊர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை இருக்கும்போதே இத்தனை வீடுகள் வெறுமையாய்க் கிடப்பதை, 2017–18-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கையும் எடுத்துக் காட்டிற்று.

வீடு தேடுவோர் ஒருபுறம். பூட்டிய வீடு மறுபுறம். இடையே நின்று இரண்டையும் இணைக்கும் தொழில் ஒன்று தோன்றுவது இயல்பே. அதைத்தான் வாடகை நிர்வாகத் தொழில் என்கிறோம். தரகர் இத்தொழிலர் அல்லர். தரகர் வீட்டைக் காட்டுவார். தரகு வாங்கிக்கொண்டு போய்விடுவார். நிர்வாக நிறுவனமோ வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. இதிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் நிறுவனம் உடைமையாளரின் முகவராக மட்டும் நிற்கும். ஆள் பார்த்து வைக்கும், வாடகை வாங்கித் தரும், மராமத்துப் பார்க்கும். வாடகையில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். இரண்டாம் வகையில் நிறுவனமே வீட்டைக் குத்தகைக்கு எடுக்கும். மாதந்தோறும் இவ்வளவு என்று உடைமையாளருக்குக் கொடுத்துவிட்டு, தன் விருப்பப்படி பிறர்க்கு உள்வாடகைக்கு விடும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடைமையாளருக்குப் பணம் வந்தாக வேண்டும் என்பது இதன் அடிப்படை. நாம் இன்று பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றி. உடைமையாளரை இணங்கச் செய்வது மிகக் கடினமாய் இருப்பதும் இதில்தான்.

ஏன் கடினம்? கேட்போர்க்கு முதலில் தோன்றும் விடை, ஊர்ப் பெரியவர்கள் புதுமையை விரும்பார் என்பதே. இந்த விடை மிக எளிது. எனவே அதை நான் ஐயுறுகிறேன். வளைகுடாவிலிருந்து வரும் பணத்தை வங்கியில் எப்படிப் போடுவது, நகையை எப்போது மீட்பது, எந்த மாதம் வெங்காயத்தை விற்பது என்பவற்றைத் துல்லியமாகக் கணக்கிடும் மனிதர், தம் வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் கணக்கறியாதவராய்ப் போகிறார்? அவர் தயக்கத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்கைப் படிப்பதே நம் வேலை.

அக்கணக்கின் முதற்பகுதி சட்டத்தின் வரலாற்றில் உள்ளது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது நகரங்களில் வீடு கிடைப்பது அரிதாயிற்று, வாடகை ஏறிற்று. சென்னை மாகாண அரசு 1941-இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. குடியிருப்போரைக் காப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் அக்காலத்துக்குத் தேவையானதே. சட்டம் சொல்லும் காரணங்களுள் ஒன்று இருந்தாலொழிய ஒருவரை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. நியாய வாடகையைக் கணக்கிட விதி உண்டு. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குடியிருப்புக் கட்டடமானால் மனையும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்பது அவ்விதி. வழக்கு வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் தொடங்கும்; மேல்முறையீட்டுக்குப் போகும்; அதன்பின் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். தந்தை தொடுத்த வழக்கில் மகன் தீர்ப்புக் கேட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. "வாடகைக்கு விட்டவன் வீட்டை மறந்துவிட வேண்டும்" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது அக்காலத்தில்தான்.

அச்சட்டம் இன்று இல்லை. நில உடைமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகைக் கணக்கு போயிற்று. இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. சட்டம் மாறிவிட்டது, ஆனால் சட்டம் விதைத்த அச்சம் சட்டத்தோடு நீங்குவதில்லை. அச்சத்துக்கு அரசிதழில் நீக்க அறிவிப்பு வெளியிட முடியாதன்றோ!

அக்கணக்கின் இரண்டாம் பகுதி உள்வாடகை என்ற சொல்லில் இருக்கிறது. உடைமையாளரின் எழுத்துச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டால், அதையே காரணம் காட்டிக் குடியிருப்பவரை எழுப்பலாம் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. ஆகவே இரண்டு தலைமுறையாக உள்வாடகை என்பது ஏறத்தாழக் குற்றத்தின் பெயர். இப்போது ஒரு நிறுவனம் வந்து, "உங்கள் வீட்டை உள்வாடகைக்கு விடுவதே எங்கள் தொழில்" என்கிறது. கேட்பவர் புருவத்தை உயர்த்துவதில் என்ன வியப்பு?

இதற்குப் புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒத்தி அல்லது போக்கியம் என்றொரு வழக்கம் உண்டு. குடிவருபவர் சில இலட்ச ரூபாயை மொத்தமாகக் கொடுப்பார். மாத வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெற்று வீட்டை விடுவார். பணமுடையில் இருக்கும் உடைமையாளருக்கும், மாதச் செலவைக் குறைக்க விரும்பும் குடும்பத்துக்கும் இது உதவிய ஏற்பாடே. ஆனால் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் அண்மை ஆண்டுகளில் காவல் துறைக்குச் சென்ற வழக்குகளில் ஒரு வகை உண்டு. இடையில் நிற்பவர், உடைமையாளரிடம் மாத வாடகை தருவதாகச் சொல்லி வீட்டை வாங்கிக்கொள்கிறார். குடிவருபவரிடமோ தம்மையே பொறுப்பாளராகக் காட்டி, அதே வீட்டை ஒத்திக்கு விட்டு இலட்சக்கணக்கில் வாங்கிவிடுகிறார். சில மாதங்கள் உடைமையாளருக்கு வாடகை ஒழுங்காக வரும், பிறகு நின்றுவிடும். அவர் வந்து கதவைத் தட்டும்போதுதான் உள்ளே இருப்பவர், "நான் இலட்சங்களைக் கொடுத்துவிட்டுத்தான் குடியிருக்கிறேன்" என்று சொல்கிறார். இருவரும் ஏமாந்தவர்கள், ஏமாற்றியவரைக் காணோம். செய்தித்தாளில் இதைப் படித்த ஒருவர், புது நிறுவனத்தின் ஆளைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டால், அது மரியாதையான விவேகமே.

இப்போது ஒரு பேச்சைக் கற்பனை செய்து பார்ப்போம். பெரம்பலூரில் மாடி வீடு உடைய பெரியவர் ஒருவர். நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர்.

"ஐயா, வீட்டை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். மாதம் பிறந்ததும் பணம் வந்துவிடும்" என்கிறார் இளைஞர்.

"மாதம் பிறக்கும் தம்பி, அது எப்படியும் பிறக்கும். பணம் வராவிட்டால் நான் யாரைப் பிடிப்பது? மாணவனையா, உம்மையா?"

இந்த ஒரு கேள்வியில் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் ஒரு முழு அத்தியாயம் அடங்கியிருக்கிறது. உடைமையாளர் ஒப்பந்தம் செய்வது நிறுவனத்தோடு. மாணவர் ஒப்பந்தம் செய்வதும் நிறுவனத்தோடுதான். உடைமையாளருக்கும் மாணவருக்கும் இடையே நேரான ஒப்பந்தம் எதுவும் இல்லை. நிறுவனம் முறிந்தால், நடுக்கண்ணி அறுந்த சங்கிலிபோல இருவரும் தனித்தனியே தொங்குவர். பெரியவர் சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் எந்த இடத்தில் சங்கிலி அறும் என்பதைச் சரியாகத் தொட்டுவிட்டார். இளைஞர் இதற்கு விடை சொல்லாமல், தம் நிறுவனத்தின் பெருமைகளைப் படம் காட்டத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

பேச்சு முடியாமல் இருக்க வேண்டுமானால் காகிதமும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கில் இறங்க வேண்டும். நாமும் இறங்குவோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

பெரியவரின் மாடிக்கு மாத வாடகை 8,000 ரூபாய். ஆண்டு முழுவதும் ஆள் இருந்தால் 96,000. ஆனால் பழைய ஆள் போய்ப் புது ஆள் வருவதற்குள் இரண்டு மாதம் கழிகிறது, 16,000 போயிற்று. தரகு ஒரு மாத வாடகை, 8,000. வெள்ளையடிப்பு, குழாய், மின்விசிறி என்று 7,000. மிஞ்சுவது 65,000. நிறுவனம் மாதம் 6,500 தருவதாகச் சொல்கிறது, ஆண்டுக்கு 78,000. சில்லறை மராமத்தும் அதன் பொறுப்பு. மேற்பார்வைக்கு 8,000 பெரிது, 6,500 சிறிது. ஆண்டுக் கணக்கிலோ சிறிய தொகை பெரிய தொகையைவிடப் பெரிதாகிவிடுகிறது. இந்த விந்தையை உணர்த்துவதே நல்ல முகவரின் முதல் வேலை.

ஆனால் பெரியவர் இதோடு விடமாட்டார், விடவும் கூடாது. "எனக்கே 65,000-தான் மிஞ்சுகிறது என்றால், உமக்கு மட்டும் 78,000 கொடுத்து எப்படிக் கட்டுபடியாகும்?" என்று கேட்பார். இதுதான் உயிரான கேள்வி. நேர்மையான விடை இது: நிறுவனம் அந்த மாடியை ஒரு குடும்பத்துக்கு விடப் போவதில்லை. நான்கு கட்டில் போட்டு, நான்கு மாணவர்க்குத் தலைக்கு 3,000 என்று விடும். மாதம் 12,000. கல்லூரி நடக்கும் பத்து மாதத்தில் 1,20,000. அதில் உடைமையாளருக்கு 78,000. மிச்சம் 42,000-இல் மராமத்து, கட்டில், மெத்தை, துப்புரவுக் கூலி, அலுவலகச் செலவு. மூன்று கட்டிலே நிரம்பினால் வரவு 90,000. மராமத்து போக மிஞ்சுவது 5,000. இரண்டே நிரம்பினால் வரவு 60,000. அப்போது 18,000 ரூபாயைக் கைக்காசிலிருந்து உடைமையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

இதை முதல் நாளே சொல்ல வேண்டுமா என்று தயங்குவோர் உண்டு. "என் வீட்டில் 12,000 வாங்கிக்கொண்டு எனக்கு 6,500 கொடுக்கிறான்" என்று பெரியவர் கோபிப்பாரே என்பது அவர்கள் அச்சம். நான் கருதுவது வேறு. அவர் எப்படியும் தெரிந்துகொள்வார். அடுத்த வீட்டுக்காரர் சொல்வார். அல்லது மாணவனே சொல்வான். முதல் நாள் திண்ணையில் தெரிந்தால் அது கணக்கு. ஆறாம் மாதம் தெருவில் தெரிந்தால் அது வஞ்சனை. மேலும், நான்கு பேர் தங்குவதானால் தண்ணீர்ச் செலவு கூடும், கழிவுநீர்த் தொட்டி விரைவில் நிரம்பும், படிக்கட்டில் இரவு பத்து மணிக்குப் பேச்சுச் சத்தம் கேட்கும். இவற்றைத் தாங்கப்போகிறவர் கீழே குடியிருக்கும் பெரியவரும் அவர் மனைவியுமே. அவ்வம்மையாரின் சம்மதத்தைக் கேளாமல் பெரியவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பும் முகவர் பாதி வேலையே செய்திருக்கிறார்.

இனி, நிறுவனம் இத்தனை இடரை எப்படித் தாங்குகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு வீடு உடையவருக்கு அது காலியானால் முழு வருவாயும் போயிற்று. நூறு வீடுகளை நடத்துபவருக்குப் பத்து வீடு காலியானாலும் தொண்ணூறு நிற்கும். காப்பீட்டுத் தொழிலின் அடிப்படையும் இதுவே. ஆனால் இத்தத்துவத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் காலியாகக் கூடாது. கல்லூரி ஊரில் இந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. கோடை விடுமுறை வந்தால் ஒரு வீடா காலியாகும்? தெருவே காலியாகும். நூறு வீடு வைத்திருந்தாலும் ஒரு வீடு வைத்திருப்பவர் நிலைதான். சிமெண்டு ஊரிலும் இப்படியே. ஆனால் பருவம் வேறு. உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் வாரங்களில் வெளியூர்த் தொழிலாளர் கூட்டமாய் வருவர். வேலை முடிந்ததும் கூட்டமாய்ப் போவர். கட்டட வேலை மந்தமானால் சிமெண்டுத் தேவையும் தளரும். அதோடு அறைகளும் காலியாகும்.

இங்கேதான் 30 கிலோமீட்டர் தொலைவு பொருள் பெறுகிறது. பெரம்பலூரில் மட்டும் தொழில் செய்பவர் கல்லூரி நாட்காட்டிக்கு அடிமை. அரியலூரில் மட்டும் செய்பவர் ஆலையின் உலைக்கு அடிமை. இரண்டு ஊரிலும் வீடு எடுப்பவருக்கோ, ஒன்றின் வறட்சியை மற்றொன்றின் வரவு ஓரளவு ஈடுசெய்யும்; மருத்துவமனைச் செவிலியரும் அரசு அலுவலரும் பருவம் பாராது இருப்பவர்கள் ஆதலால், அவர்களுக்கென்று சில வீடுகளை ஒதுக்குபவர் இன்னும் உறுதியாக நிற்பார். உடைமையாளர் நிறுவனத்தைக் கேட்க வேண்டிய கேள்விகளுள் இதுவும் ஒன்று: "உங்கள் வீடுகளில் எத்தனை மே மாதத்தில் நிரம்பியிருக்கும்?"

இக்கேள்வியைக் கேளாத உடைமையாளர்கள் எங்கே போய் நின்றனர் என்பதற்கு உலகில் இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. ஜப்பானில் 'ஸ்மார்ட் டேஸ்' என்ற நிறுவனம், பெண்கள் பங்கிட்டுத் தங்கும் வீடுகளைக் கட்டச் செய்து, அவற்றைத் தானே குத்தகைக்கு எடுத்து, 30 ஆண்டுகளுக்கு வாடகை உறுதி என்று சொல்லிற்று. அதை நம்பிச் சம்பளக்காரர் பலர் வங்கியில் பெருங்கடன் வாங்கி வீடு கட்டினர். அறைகள் நிரம்பவில்லை. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடைமையாளர்களுக்குப் பணம் நின்றது. அவ்வாண்டே நிறுவனம் முறிந்தது. கடன் மட்டும் நின்றது. இதன்பின் ஜப்பானிய அரசு 2020-இல் சட்டம் இயற்றி, உள்வாடகை நிறுவனங்கள் மிகைப்படுத்தி விளம்பரம் செய்வதைத் தடுத்தது. உறுதி சொன்ன வாடகை பின்னர்க் குறையக்கூடும் என்பது உள்ளிட்ட இடர்களை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் விளக்க வேண்டும் என்றும் விதித்தது.

சீனத்தில் நடந்தது இன்னும் விந்தை. 'டான்கே' என்ற நிறுவனம் 2015-இல் தோன்றி, 2020 சனவரியில் நியூயார்க் பங்குச் சந்தை வரை சென்றது. குடியிருப்போர் பலருக்கு அது கடன் ஏற்பாடு செய்து, ஓராண்டு வாடகையை முன்கூட்டியே பெற்றுக்கொண்டது. உடைமையாளருக்கோ தவணை தவணையாகக் கொடுத்தது. இடைப்பட்ட காலத்துப் பணத்தைக் கொண்டு மேலும் மேலும் வீடுகளை எடுத்தது. பெருந்தொற்று வந்தது, அதே 2020 நவம்பரில் தவணை நின்றது. உடைமையாளர் வந்து வெளியேறச் சொன்னார். உள்ளே இருந்த இளைஞரோ ஓராண்டுக்கு உரிய வாடகையைக் கடனாக வாங்கிக் கொடுத்திருந்தார். பெரம்பலூர்ப் பெரியவர் கேட்ட அதே கேள்வி, பீக்கிங்கின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் வாயில் எழுந்தது. நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியாக 2015-இல் பெங்களூரில் தொடங்கிய 'நெஸ்ட்அவே' நிறுவனமும் பெருந்தொற்றுக்குப் பின் தளர்ந்து 2023-இல் கைமாறிற்று.

அவ்வாறாயின் இத்தொழிலே ஆகாதது என்று கொள்ளலாமா? அப்படியும் அன்று. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்னரே இதை நன்கு நடத்திக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். ஆக்டேவியா ஹில் என்ற ஆங்கிலப் பெண்மணி 1838-இல் பிறந்தவர். 1865-இல் கலை அறிஞர் ஜான் ரஸ்கின், இலண்டனின் மேரிலிபோன் பகுதியில் சிதைந்து கிடந்த மூன்று ஏழை வீடுகளின் குத்தகை உரிமையை விலைக்கு வாங்கி, நிர்வாகத்தை அவரிடம் ஒப்படைத்தார். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய் தர வேண்டும் என்பதே பேச்சு. அதற்கு மேல் மிஞ்சியதைக் குடியிருப்போரின் நலத்துக்கான பழுதுபார்ப்புக்கே செலவிட்டார். வாரந்தோறும் வீட்டுக்கு வீடு நேரில் சென்று வாடகை வாங்கினார். அப்போதே ஒழுகும் கூரையையும் உடைந்த படியையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். அவரோடு பணியாற்றிய வாடகைப் பொறுப்பாளர்களும் பெண்களே. வாடகை தவறினால் தயவு தாட்சணியம் இல்லை என்பதில் கண்டிப்பானவர். அக்கண்டிப்பு சில வேளைகளில் எல்லை கடந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் சொன்ன 5 விழுக்காட்டைத் தந்தார். 1874-இல் அவர் பொறுப்பில் ஏறத்தாழ 3,000 பேர் குடியிருந்தனர். 1884-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துக்களைக் காக்கும் ஆணையத்தினர், சதர்க் பகுதியில் தமக்கிருந்த வீடுகளில் ஒரு பகுதியை அவர் நிர்வாகத்தில் விட்டனர்.

திருச்சபை ஆணையத்தினர் எளிதில் இணங்குவோர் அல்லர். அவர்களை இணங்கச் செய்தது பேச்சுத் திறன் அன்று. 19 ஆண்டுக் கணக்கேடு. ஹில் 30 ஆண்டுக்கு உறுதி சொல்லவில்லை. பத்து விழுக்காடு தருவதாகவும் சொல்லவில்லை. சிறிய தொகையைச் சொன்னார்; சொன்னதைத் தந்தார்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இன்று தொடங்கும் நிறுவனத்துக்குக் காட்டுவதற்கு 19 ஆண்டுக் கணக்கேடு இல்லை. அது இல்லாத குறையை ஒப்பந்த வாசகத்தால்தான் நிரப்ப வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் விதி. அதைத் தவிர்க்கவே நாடெங்கும் 11 மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் வந்தது. கட்டிலும் அலமாரியும் வாங்கிப் போடும் நிறுவனம் 11 மாதத்தை நம்பித் தொழில் நடத்த முடியாது. மூன்று, ஐந்து ஆண்டு கேட்கும். அப்போது சார்பதிவாளர் அலுவலகம் செல்ல வேண்டும். நம் ஊர்களில் "பத்திர ஆபீசுக்கு வாருங்கள்" என்றாலே வீட்டை எழுதிக் கேட்கிறார்கள் என்று பொருள். பதிவு செய்யாத காகிதமே உண்மையில் இடர் மிகுந்தது என்பதையும், பதிவு செய்த குத்தகையில் இன்ன தேதியில் வீடு திரும்பும் என்பது அரசுப் பதிவேட்டிலேயே ஏறிவிடுகிறது என்பதையும் பொறுமையாக விளக்க வேண்டும். உடைமையாளர் நன்கு அறிந்த வழக்குரைஞர் ஒருவரிடம் வரைவை முன்கூட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. வீட்டை விற்கவும் அடகு வைக்கவும் இடம் தரும் பொது அதிகாரப் பத்திரம் எதையும் நிறுவனம் கேட்கலாகாது. கேட்டால் உடைமையாளர் கொடுக்கலாகாது.

2017-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடத்தில் துணை நிற்கிறது. உடைமையாளர் சார்பில் நிர்வாகம் செய்யும் மேலாளர் ஒருவரைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. அவர் யார், எந்த அதிகாரத்தில் வருகிறார் என்பதைக் குடியிருப்பவர் அறியும் உரிமை உடையவர். உள்வாடகையையும் அது அடியோடு தடுக்கவில்லை. ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தோடு துணை ஒப்பந்தம் எழுதினால் உள்வாடகைக்கு விடலாம். அதை வாடகை அதிகார அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அஃதாவது, இரண்டு தலைமுறையாகக் குற்றமாக எண்ணப்பட்டது இன்று வெளிச்சத்தில் செய்யத்தக்க செயலாயிற்று. மாணவியர்க்கு விடுதியாக நடத்துவதானால் அதற்கு வேறு சட்டம் உண்டு: பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். 2022 சூலையிலிருந்து, சரக்கு சேவை வரிக்குப் பதிவு பெற்ற நிறுவனம் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், அவ்வரியை நிறுவனமே கட்ட வேண்டும் என்ற விதியும் வந்துள்ளது. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் வாடகைத் தொகை சொல்லும் முகவரை நம்புவதற்கில்லை.

இனி நம் பெரியவரிடம் மூன்றாம் முறையாக அந்த இளைஞர் செல்கிறார் என்று கொள்வோம். இம்முறை அவர் கையில் இருப்பது ஒரு வரைவு. அதில் மூன்று மாத வாடகையை முன்பணமாக உடைமையாளரிடமே நிறுவனம் கட்டிவைக்கும் என்று எழுதியிருக்கிறது. பணம் நின்றால் அதுவே முதல் அரண். குடிவரும் ஒவ்வொருவர்க்கும் கொடுக்கும் சீட்டில் உடைமையாளரின் பெயரும், வீடு மாத வாடகைக்கு மட்டுமே உரியது, ஒத்திக்கு அன்று என்ற வாசகமும் அச்சிடப்படும் என்று இருக்கிறது. இரண்டு மாதம் தொடர்ந்து பணம் வராவிட்டால் குத்தகை முடியும். அந்நாளிலிருந்து உள்ளே இருப்போர் உடைமையாளருக்கே நேரில் வாடகை செலுத்துவர் என்று, அவர்களும் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வர். நான்கு பேருக்கு மேல் தங்கலாகாது. கழிவுநீர்த் தொட்டியைத் தூய்மை செய்வது நிறுவனத்தின் செலவு. மகன் குடும்பத்தோடு ஊர் திரும்பினால், கல்வியாண்டு முடியும் மே மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று மாத முன்னறிவிப்புப் போதும்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார். கடைசி வாசகத்தை இரண்டு முறை படிக்கிறார். பிறகு உள்ளே திரும்பி மனைவியை அழைத்து, அதை உரக்கப் படித்துக் காட்டுகிறார். அவ்வம்மையார், மாடிக்குப் படி வெளிப்புறமாக அல்லவா இருக்க வேண்டும், அதை யார் கட்டித் தருவது என்று கேட்கிறார். இளைஞர் எழுதுகோலை எடுக்கிறார்.